கொட்டாங்குச்சியில் உறைந்த இனிப்பு

பொட்டிபுரத்திலிருந்து கடிதம் என்றதும் நியூட்ரினோதான் என்று நினைத்துக்கொண்டே உறையைப் பிரித்தேன். 2015 ஜனவரியில் அங்கே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் எனக்கு எழுதியதெல்லாம் மலையைக் குடைவார்களா மாட்டார்களா என்பதைப் பற்றித்தான். இந்தக் கடிதம் ஓர் அம்மாவின் சமையலறையிலிருந்து வந்திருந்தது. ஜோகூரில் வேலை பார்க்கும் மருமகன் வரும்போதெல்லாம் ஒரு பாட்டில் இனிப்புக் கிச்சாப் கொண்டுவருவாராம். பேரப்பிள்ளைகள் அது போட்டுக் கிளறினால்தான் முட்டைச் சோறு சாப்பிடுமாம். இந்த வருஷம் மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. பாட்டில் தீர்ந்துவிட்டது. 'போடி கடையில கேட்டா தக்காளி சாஸைத் தூக்கிக் குடுக்கிறாங்க சார். இதுக்கு மாத்து ஏதாவது இருக்கா?'

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் மீன் ஊறல் சாற்றுக்கு இருந்த பெயர்தான் மலாயில் கெச்சாப் ஆகி, ஆங்கிலேயரிடம் போய் கெச்சப் ஆனது. அவர்கள் முதலில் காளானிலும் அக்ரூட்டிலும் செய்துபார்த்தார்கள். தக்காளி கடைசியாக வந்து சேர்ந்தது. பெயர் ஒன்று, பண்டம் வேறு. அம்மா கேட்பது கெச்சாப் மானிஸ், அதாவது இந்தோனேசியாவின் இனிப்புச் சோயா சாஸ். ஜகார்த்தாவுக்கு மேற்கே தாங்கெராங் அதற்குப் பேர்போன ஊர். பாங்கோ என்ற புகழ்பெற்ற பாட்டில் 1928இல் அங்கே பிறந்ததுதான். தமிழ் நாக்குக்கும் இது புதிது இல்லை. சுமத்ராவின் புகையிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்கள் மேடான் நகரத்தில் 1884இல் மாரியம்மன் கோயிலே கட்டியிருக்கிறார்கள். மலேசியத் தமிழ் வீடுகளில் கிச்சாப் ஊற்றி வதக்கிய கோழி நம்மூர் மிளகுக் கோழி மாதிரி அன்றாடச் சாப்பாடு.

சரி, மாற்று. யாரைக் கேட்டாலும் சொல்லும் பதில், 'சோயா சாஸில் சீனியைப் போட்டுக் காய்ச்சு' என்பது. நானும் அப்படித்தான் ஒரு முறை காய்ச்சினேன். உப்பு தனியாக, இனிப்பு தனியாக, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ஒரே வீட்டில் குடியிருப்பதுபோல இருந்தது. காரணம், அந்தப் பாட்டிலின் ருசியில் பாதிப் பங்குதான் சோயாவுக்கு. கறுப்புச் சோயாவை வேகவைத்து, பூஞ்சணம் பிடிக்கவிட்டு, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, வடித்தெடுக்கிறார்கள். அதுவரைக்கும் அது எல்லா நாட்டுச் சோயா சாஸ் மாதிரிதான். அதன்பிறகு அந்தச் சாற்றோடு அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ ஒரு வெல்லத்தைப் போட்டுக் காய்ச்சுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம். அது கரும்பு வெல்லம் இல்லை. குலா ஜாவா என்கிற, தென்னம்பாளையைச் சீவி இறக்கிய வெல்லம். சில இடங்களில் அரேன் என்ற பனையின் வெல்லம்.

அதை முதலில் படத்தில் பார்த்தபோது என் பாட்டி வீட்டு அடுக்குப்பானை ஞாபகம் வந்தது. அரைப்பந்து வடிவம், மேலே தட்டை, கீழே உருண்டை, விளிம்பில் நார் அப்பிய தடம். அச்சு அசல் கருப்பட்டி. அங்கேயும் பாகைக் கொட்டாங்குச்சியில்தான் ஊற்றி உறையவிடுகிறார்கள். அதற்குப் பெயரே குலா பாத்தோக். பாத்தோக் என்றால் கொட்டாங்குச்சி. மூங்கில் குழாயில் ஊற்றி உருளையாக எடுப்பதும் உண்டு.

உருவம் மட்டும் ஒத்துப்போனால் தற்செயல் என்று விட்டுவிடலாம். எனக்குத் தூக்கம் கெட்டது சுண்ணாம்பில். பதநீர் இறக்குகிறவர் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார் என்பது தெரிந்த சேதி. தடவாவிட்டால் கள். பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் விழுந்த ஈஸ்ட் முதல் வேலையாகச் சர்க்கரையை இரண்டாக உடைக்கும், அடுத்து அதைச் சாராயமாக்கும். சுண்ணாம்பின் காரம் அதன் வாயைக் கட்டிவிடுகிறது. ஜாவாவிலும் இதே சுண்ணாம்புதான். கூடவே மங்குஸ்தான் தோலையோ பலா மரச் சிராயையோ போடுவார்கள். ஆனால் சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்கிறது. காரம் சேர்ந்த சாறு அடுப்பில் ஏறும்போது, அதிலுள்ள சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து நிறம் கறுப்பது வேகம் பிடிக்கும். வறுத்த காப்பிக்கொட்டையிலும், தோசைக்கல்லில் முறுகிய ஓரத்திலும் நடக்கும் அதே வினை. புகை, லேசான கசப்பு, கருகலுக்கு ஒரு படி முந்தின அந்த மணம் எல்லாம் இதில் பிறக்கிறது. சோயா சாஸும் இதே வினையில்தான் பழுப்பேறுகிறது. அதனால்தான் பனை வகை வெல்லமும் சோயாவும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. வெள்ளைச் சீனிக்கு அந்தப் பரிச்சயம் கிடையாது. ஆலையில் அதைத் தேய்த்துக் கழுவி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே அம்மா, கால் கிலோ கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு இளக்கி வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விடவே கூடாது. அடியில் மணலும் ஓலைத் துணுக்கும் கட்டாயம் இருக்கும். பாகை மறுபடி அடுப்பில் ஏற்றி 200 மில்லி சோயா சாஸ், ஒரு அன்னாசிப்பூ, தட்டிய பூண்டு இரண்டு பல், நாட்டு மருந்துக் கடைச் சித்தரத்தையில் ஒரு துண்டு போடுங்கள். குழந்தைக்கு இருமல் வந்தால் தேடுவோமே, அதேதான். அதன் பெரிய சகோதரியான பேரரத்தையைத்தான் இந்தோனேசியர்கள் லெங்க்குவாஸ் என்று குழம்புக்கெல்லாம் தட்டிப் போடுகிறார்கள். சிறு தீயில் கொதிக்கட்டும். கம்பிப் பதம் பார்க்கவேண்டாம், ஆறினதும் கல்லாகிவிடும். விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும்போதே இறக்குங்கள். சூட்டில் நீர்த்த மாதிரி தெரியும். ஆறினால் தேன் பக்குவத்துக்கு வந்துவிடும்.

சோயா சாஸ் வாங்கும்போது பாட்டிலின் முதுகைப் படியுங்கள். ஊறவைத்துச் செய்தது ஒரு ரகம். சோயாப் புரதத்தை அமிலத்தில் உடைத்து, நிறமூட்டி, சில நாளில் பாட்டிலுக்குள் அனுப்புவது இன்னொரு ரகம். மலிவுப் பாட்டில்கள் பெரும்பாலும் பின்னது. அதில் எந்தக் கருப்பட்டியைப் போட்டாலும் பலன் கம்மி.

கருப்பட்டியிலும் இப்படிப் போலி உண்டு. நான் முதலில் வாங்கியது அந்தக் கதைதான். நெடுஞ்சாலை ஓரக் கடை, பனையோலைப் பெட்டி, பார்க்கக் கண்கொள்ளாத அழகு. காய்ச்சி ஊற்றிய பத்தாம் நாள் பாட்டிலின் உள்சுவர் முழுக்கப் பாகு பூத்துவிட்டது. அடியில் கற்கண்டுச் சில்லுகள். முக்கால்வாசி சீனி! சீனியை வாங்கி, கரைத்து, கறுப்பாக்கி, கொட்டாங்குச்சியில் ஊற்றி, சீனியைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீரைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. அதற்கு ஒரு மனிதர் காலையும் மாலையும் மரம் ஏறி இறங்கவேண்டும். சீனி கலக்கிறவர் ஒரு படிகூட ஏறுவதில்லை. சந்தையில் இரண்டுக்கும் ஒரே விலை என்றால் மரம் ஏறுகிறவர் எத்தனை நாள் ஏறுவார்? பனை நம் மாநில மரம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதவைக்கிறோம். செங்கல் சூளை வாசலில் அது துண்டுதுண்டாக அடுக்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போகிறோம். வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. அனுமதி கேட்டு எத்தனை பேர் போனார்களோ. இதற்கிடையில் வெளிநாட்டுத் தென்னஞ்சர்க்கரை வழவழப்பான பையில் வந்து நகரத்துக் கடைகளில் உட்கார்ந்திருக்கிறது, உடம்புக்கு நல்லது என்ற பட்டத்தோடு. கருப்பட்டி காய்ச்சும் உடன்குடிக்காரர் அதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொள்வேன்.

இன்னொரு மாற்றும் உண்டு, அது மலைமேல் நிற்கிறது. கூந்தல்பனை. பெண்கள் முடியை அவிழ்த்துவிட்டமாதிரி பூங்குலை தொங்கும் மரம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், ஏலத்தோட்ட ஓரங்களிலும் பார்க்கலாம். கேரளத்தில் அதன் ஓலையை யானைக்குப் போடுவார்கள். இலங்கையில் அதன் பாளையைச் சீவித்தான் கித்துள் பாணி காய்ச்சுகிறார்கள். அரேன் பனைக்கு நம் பனை தூரத்துச் சொந்தம்; கூந்தல்பனைதான் நெருங்கிய பங்காளி. கொழும்புப் பக்கம் போய்வருகிறவர் யாராவது ஒரு பாட்டில் பாணி கொண்டுவந்தால், இளக்கும் வேலையும் மிச்சம். நேராகச் சோயாவோடு கலந்து ஒரு கொதி விட்டால் போதும். நம் பக்கத்து மரங்களில் யாரும் பாளை சீவி நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சித்தரத்தையும் ஏலமும் இஞ்சிக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தப் புத்தக அறிவு தலைக்கேறி, போடியில் இருந்துகொண்டு ஏலக்காய் போடாமல் ஒரு பாகா என்று மூன்று காயைத் தட்டிப் போட்டேன். எதிர்வீட்டு ஏலக்காய் வியாபாரியிடம் ஒரு கரண்டி கொடுத்தேன். ஏல மையத்தில் காயை மோந்து விலை சொல்லும் மூக்கு அவருக்கு. நக்கிப் பார்த்துவிட்டு, "சார், பாயசத்துல உப்புக் கூடிப்போச்சு" என்றார்.