வைக்கோல் தூசியும் ராத்திரி இருமலும்

தை அறுவடை நாட்களில் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் நெல் தூற்றுகிறவர்கள் பலருக்கு மூச்சு இளைக்கும். 'சுணைதான், குளித்தால் போகும்' என்பார்கள். அரிப்பு போகும், நெஞ்சில் இறங்கிய தூசி போகாது.

மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோல் இன்னும் மோசம். பிரிக்கும்போது ஒன்றும் தெரியாது. 4 முதல் 8 மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல், இருமல். சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாளும் போருக்கே போவார்கள். மருத்துவர்கள் இதற்கு வைத்த பெயரே 'விவசாயி நுரையீரல்'. வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும்.

வேலை இல்லாத நாளில் இளைப்பு குறைகிறதா? அப்படியானால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் வீண். தலைத்துண்டு நுண்தூசியைத் தடுக்காது; என்95 முகக்கவசம் தடுக்கும். வைக்கோலை நன்றாகக் காய்ந்த பிறகே போர் போடுங்கள்.