பத்தாயிரம் ரூபாய் வேலி

புது தில்லி: சரோஜினி நகர் சந்தையில் ஏமாறுவதற்கும் ஓர் அளவு உண்டு. ஏற்றுமதியில் மிஞ்சிய சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, சொன்ன விலையில் பாதிக்குப் பேரம் பேசி வாங்கியது வீட்டுக்குப் போனபின் கிழிந்தாலும், போவது இருநூறோ முந்நூறோதான். பையில் கொண்டு சென்ற பணத்துக்கு மேல் எந்த வியாபாரியாலும் பறித்துவிட முடியாது.

இணைய வணிகத்தில் இந்த எல்லை இல்லை. அங்கே சம்பளமும் சேமிப்பும் கிடக்கும் வங்கிக் கணக்கே பணப்பையாகி விடுகிறது. தொலைந்துபோன அந்த எல்லையை மீண்டும் போட்டுக்கொள்ளும் வழிகளில் ஒன்றுதான் முன்பணம் செலுத்திப் பெறும் பரிசு அட்டை.

மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளுக்குப் பேர்போன இப்பகுதிக்கு இத்தகைய அட்டை புதிதல்ல. கொரோனா காலத்தில் சந்தைகள் முடங்கிக் கிடந்தபோது, 2020 அக்டோபர் 12-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மத்திய அரசு ஊழியர்களுக்கு ரூ. 10,000 வட்டியில்லாப் பண்டிகை முன்பணம் அறிவித்தார். அது ரொக்கமாக அல்லாமல், பணம் நிரப்பிய ரூபே அட்டையாகத் தரப்பட்டது. 2021 மார்ச் 31-க்குள் செலவிட வேண்டும். பத்துத் தவணைகளில் திருப்பிச் செலுத்த வேண்டும். சந்தையைத் தூக்கி நிறுத்துவதே அன்றைய நோக்கம், பாதுகாப்பு அல்ல. ஆனாலும் அட்டையில் உள்ளது மட்டுமே செலவாகும் என்ற பழக்கம் பல வீடுகளுக்கு அப்போதுதான் அறிமுகமாயிற்று.

அதே பத்தாயிரம்தான் ரிசர்வ் வங்கி பரிசு அட்டைக்கு விதித்துள்ள உச்சவரம்பும். 2021 ஆகஸ்டில் வெளியான அதன் வழிகாட்டுதலின்படி, இந்த அட்டையில் மறுபடி பணம் நிரப்ப முடியாது. ரொக்கமாக எடுக்கவும் முடியாது. குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். காலாவதிக்கு முந்தைய 45 நாள்களில் வாடிக்கையாளரை எச்சரிக்கவும் வேண்டும்.

இந்தியாவில் அட்டை எண் திருட்டு முன்போல் எளிதன்று. 2009 ஆகஸ்ட் முதல் இணையப் பரிவர்த்தனைக்குக் கூடுதல் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். 2022 அக்டோபர் முதல் வணிகத் தளங்கள் அட்டை எண்ணைச் சேமித்து வைக்கவும் தடை. ஆகவே மோசடிக்காரர் கணினியை விட்டு மனிதரைப் பிடித்துக்கொண்டனர். போலிக் கடை, போலிக் கூரியர், போலி அதிகாரி என எந்த வேடத்தில் வந்தாலும் அவர்கள் கேட்பது ஒருமுறைக் கடவு எண்ணைத்தான். அதை வாயால் சொல்லிவிட்டவர், வங்கியிடம் புகார் செய்யும் வரையிலான இழப்பைத் தாமே சுமக்க நேரிடும். அந்த நேரத்தில் கையில் இருப்பது ஆயிரம் ரூபாய் அட்டையானால் இழப்பும் ஆயிரத்தோடு நின்றுவிடும்.

ஆனால் இதே அட்டை மோசடிக்காரரின் கருவியாகவும் இருக்கிறது. எண்ணும் ரகசியக் குறியீடும் யாரிடம் உள்ளதோ அவரே பணத்துக்கு உரியவர். மேலதிகாரியின் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் இருப்பதாகவும் உடனே சில பரிசு அட்டைகள் வாங்கி எண்களை அனுப்புமாறும் கேட்பது பல நாடுகளில் அரங்கேறிவரும் நாடகம். வரி, அபராதம், ஜாமீன் எதையும் எந்த அரசுத் துறையும் பரிசு அட்டையில் வசூலிப்பதில்லை. அப்படிக் கேட்பவரிடம் பேச்சை வளர்க்காமல், 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்வதே நல்லது. வாங்கிய பொருளைத் திருப்பினால் பணம் பெரும்பாலும் அதே அட்டைக்கே வரும் என்பதால், காலியான அட்டையையும் சில வாரங்கள் வைத்திருக்க வேண்டும்.

இணையக் குற்றங்கள் குறித்து 2023 ஜூலையில் அறிக்கை அளித்த நாடாளுமன்ற நிதித்துறை நிலைக்குழு, பணம் இழந்தவருக்குத் தானாகவே இழப்பீடு கிடைக்கும் ஏற்பாடு வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அட்டைக்காரர்களுக்கு அது முக்கியமான பரிந்துரை. ஆனால் பரிசு அட்டைகளில் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு நிறுவனம் தன் கடையில் மட்டுமே செல்லும்படி வெளியிடும் அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. மேற்சொன்ன ஓராண்டு, 45 நாள் பாதுகாப்புகளும் அதற்குப் பொருந்தா. பிறந்த நாளுக்கும் தீபாவளிக்கும் கைமாறுபவற்றில் இந்த வகையும் உண்டு. ஆறு மாதத்தில் காலாவதி என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தால், எஞ்சிய தொகை நிறுவனத்தின் வருவாயாகிப் போகும். இத்தகைய சீட்டுகள் மீதான வரிக் குழப்பத்தைத் தீர்க்க, 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் நேரம் ஒதுக்கியது. வாங்குபவரின் காலாவதிக் குழப்பமோ விற்பவரின் நிபந்தனைக்கே விடப்பட்டிருக்கிறது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தங்களை எதிர்க்க இடம் தருகிறது. அந்த அடிப்படையில் வழக்காட வேண்டுமெனில், மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரமில்லை. ஆயிரம் ரூபாய் அட்டைக்கும் மாநில ஆணையத்தின் படியேற வேண்டும்.