பிக்கப்பில் பெரிய டயர் போட்டதும் 'புல்லிங்' குறைவது ஏன்? ஆக்சில் கியர் ரேஷியோவை தேர்வு செய்வது எப்படி?

சஸ்பென்ஷனை உயர்த்தி, தடிமனான 35 இன்ச் டயர் மாட்டிய பிக்கப் டிரக்குகளை அமெரிக்க சாலைகளில் சர்வசாதாரணமாக பார்க்கலாம். பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனா, ஒரு சின்ன மேட்டில் ஏறும்போதே வண்டி திணற ஆரம்பிக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆறாவது கியரில் நிற்காமல், ஐந்து, நான்கு என மாறி மாறி இறங்கும். இன்ஜினில் எந்தக் கோளாறும் இருக்காது. அப்போ பிரச்னை எங்கே? பின்பக்க ஹவுசிங்குக்குள் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களில்!

ஆக்சில் ரேஷியோ என்றால் என்ன?

கியர்பாக்ஸில் இருந்து வரும் புரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறிய பினியனைச் சுற்றுகிறது. பினியன், பெரிய கிரவுன் வீலைச் சுற்றுகிறது. அங்கிருந்துதான் சக்கரங்களுக்கு விசை போகிறது. கிரவுன் வீலின் பற்களை பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் ஆக்சில் ரேஷியோ. உதாரணமாக 41 பற்களும் 10 பற்களும் இருந்தால் ரேஷியோ 4.10. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்ற வேண்டும்.

சிம்பிளா சொன்னா, எண் பெரிதானால் இழுவை அதிகம். அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாக சுற்றணும். எண் சிறிதானால் இன்ஜின் நிதானமாக சுற்றும்; ஆனா இழுவை குறையும்.

பெரிய டயர் என்ன செய்கிறது?

2016 முதல் 2023 வரை தயாரான டொயோட்டா டகோமா பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். வி6 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்ட வண்டியில் ஆக்சில் ரேஷியோ 3.91. கம்பெனியில் இருந்து வரும் 265/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 30.6 இன்ச்.

இதில் 35 இன்ச் டயரை மாட்டினால், சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 14 சதவீதம் கூடுதல் தூரம் போகும். ஆனால் தரையைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 13 சதவீதம் குறைந்துவிடும். 3.91 கியர், 3.42 கியர் போல நடந்துகொள்ளும். அதோடு டயரும் வீலும் கனமானவை என்பதால், அவற்றை சுழற்றவே இன்ஜின் கூடுதலாக உழைக்கணும்.

இங்கே ஒரு குழப்பத்தை தீர்த்துவிடலாம். லிஃப்ட் செய்வதால் மட்டும் கியர் கணக்கு மாறாது. டயருக்கு இடம் கிடைக்கத்தான் லிஃப்ட். கணக்கை மாற்றுவது டயரின் விட்டம்தான். ஆனால், உயரம் கூடினால் காற்றின் எதிர்ப்பும் கூடும். அதனால் நெடுஞ்சாலை வேகத்தில் இழுவை இன்னும் கூடுதலாக தேவைப்படும்.

கணக்கு போடுவது எப்படி?

பழைய ரேஷியோவை புதிய டயரின் விட்டத்தால் பெருக்கி, பழைய டயரின் விட்டத்தால் வகுக்கணும். அவ்வளவுதான்.

33 இன்ச் டயருக்கு: 3.91 x 33 ÷ 30.6 = 4.22
35 இன்ச் டயருக்கு: 3.91 x 35 ÷ 30.6 = 4.47

பழைய இழுவை திரும்பக் கிடைக்க குறைந்தபட்சம் தேவைப்படும் எண்கள் இவை. டயரின் கூடுதல் எடை, காற்று எதிர்ப்பு இரண்டும் இந்தக் கணக்கில் இல்லை. அதனால்தான் 33 இன்ச்சுக்கு 4.56 அல்லது 4.88, 35 இன்ச்சுக்கு 4.88 அல்லது 5.29 என ஒரு படி மேலே போகிறார்கள்.

இன்னொரு விஷயம், டயரில் '35' என்று போட்டிருந்தாலும் பல டயர்கள் அளந்தால் அதைவிட கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வண்டியின் எடை ஏறியதும் இன்னும் அமுங்கும். தரையில் இருந்து சக்கரத்தின் மையம் வரை அளந்து, இரண்டால் பெருக்கினால் நிஜ அளவு தெரிந்துவிடும். பழைய டயர், புதிய டயர் இரண்டையும் இதே முறையில் அளக்கணும்.

இன்ஜின் எத்தனை சுற்று சுற்றும்?

ரேஷியோவை முடிவு செய்யும் முன் ஆர்பிஎம் கணக்கையும் பார்க்கணும். வேகம் (கி.மீ.) x ஆக்சில் ரேஷியோ x கியர் ரேஷியோ x 209 ÷ டயர் விட்டம் (இன்ச்). டகோமாவின் ஆறாவது கியர் ரேஷியோ 0.58. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் தோராயமாக வரும் ஆர்பிஎம் இதோ:

30.6 இன்ச், 3.91 கியர் - 1,550
35 இன்ச், 3.91 கியர் - 1,350
35 இன்ச், 4.56 கியர் - 1,580
35 இன்ச், 4.88 கியர் - 1,690
35 இன்ச், 5.29 கியர் - 1,830

1,350-ல் கனமான வண்டியை இழுக்க இன்ஜினுக்கு தெம்பு இருக்காது. அதனால்தான் கியர்பாக்ஸ் கீழே கீழே இறங்குகிறது. அடிக்கடி இப்படி மாறினால் கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும், தேய்மானமும் கூடும். 'ஆர்பிஎம் குறைஞ்சா மைலேஜ் கூடும்' என்ற நம்பிக்கை இங்கே பலிக்காமல் போவதும் இதனால்தான்.

யாருக்கு எது?

பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம், சுமை இல்லை என்றால் கணக்கில் வந்த எண்ணுக்கு அடுத்து கிடைக்கும் ரேஷியோ போதும். டிரெய்லர் இழுப்பது, மலைப்பாதை, பாறை, மணல் என்றால் அதற்கும் ஒரு படி மேலே போகலாம். ஆனால் எண் ஏற ஏற பினியன் சிறிதாகும், பற்களும் குறையும். 4.88-க்கு 39-க்கு 8 பற்கள் என்றால், 5.29-க்கு 37-க்கு 7 பற்கள். சிறிய பினியன் பலத்தில் கொஞ்சம் பின்தங்கியதுதான். அதனால் 'பெரிய எண்ணே பெஸ்ட்' என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. பின்னாளில் 37 இன்ச் டயர் போடும் எண்ணம் இருந்தால், அதையும் இப்போதே கணக்கில் சேர்ப்பது நல்லது. ஏன்னா, இது இரண்டு முறை செலவு செய்யக்கூடிய வேலை இல்லை.

கவனிக்க வேண்டியவை என்னென்ன?

* 4 வீல் டிரைவ் வண்டியில் முன், பின் இரண்டு ஆக்சிலிலும் ஒரே ரேஷியோ இருக்கணும். பின்பக்கம் மட்டும் மாற்றிவிட்டு பிடிப்பான தரையில் 4 வீல் டிரைவ் போட்டால், இரண்டு ஆக்சிலும் ஒன்றை ஒன்று முறுக்கி பாகங்கள் உடையலாம். அதனால்தான் செலவு இரட்டிப்பாகி, ஆயிரக்கணக்கான டாலரை தொடுகிறது.

* சில ஆக்சில்களில் குறிப்பிட்ட ரேஷியோவுக்கு மேல் போனால் கேரியரையும் மாற்றணும். உதாரணமாக டானா 44 ஆக்சிலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92 முதல் வேறு கேரியர்.

* பினியன் ஆழம், பேக்லாஷ், பற்கள் பதியும் இடம் மூன்றையும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி அளவுக்கு துல்லியமாக வைக்கணும். தவறினால் சில நாளிலேயே 'ஊய்ய்' என்று சத்தம் வரும், பிறகு பற்கள் போகும். அனுபவம் உள்ள மெக்கானிக் அவசியம்.

* மாற்றியதும் முதல் பயணத்தை 20, 30 நிமிடத்தில் முடித்து, ஆக்சிலை நன்றாக ஆறவிடணும். முதல் 800 கி.மீ. வரை சுமை இழுக்காமல் ஓட்டி, பிறகு ஆயிலை மாற்றுவது வழக்கம்.

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்!

35 இன்ச் டயர் போட்ட வண்டியில் மீட்டர் 100 காட்டினால், நிஜ வேகம் சுமார் 114. அபராதம் மட்டும் இல்லை, உயிருக்கே ஆபத்து. ஓடிய தூரத்தையும் மீட்டர் குறைத்துக் காட்டும் என்பதால் மைலேஜ் கணக்கும் தப்பாகும். டயர், கியர் இரண்டையும் மாற்றியபின் வண்டியின் கம்ப்யூட்டரில் புதிய அளவை பதிவு செய்து, ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கணும்.

கியர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. இழுவை திரும்பி வரும். ஆனால் பிரேக் பழைய பிரேக்தான். பெரிய, கனமான டயரை நிறுத்த அதே பிரேக் கூடுதலாக போராடணும். வண்டி நிற்கும் தூரம் நீளும். உயரம் கூடியதால் திருப்பத்தில் கவிழும் அபாயமும் கூடும். 'இப்பதான் வண்டி பழையபடி பாயுதே' என்ற தைரியத்தில் பழைய வேகத்தில் போவதுதான் இதில் இருக்கும் பெரிய ஆபத்து. பட்ஜெட் போடும்போது டயர், கியரோடு பிரேக்குக்கும் ஒரு தொகை ஒதுக்கணும்.

இந்தியாவில் செய்யலாமா?

ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப்புகள் இங்கேயும் விற்பனையாகின்றன. ஆனால் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல் வரலாம். அதனால் யூடியூபில் பார்த்த வண்டி போல மாற்ற ஆசைப்படுவோர், டயர் கடைக்கு போகும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.