பூனைக்கு நம் மாத்திரையா?

தறி வைத்திருக்கும் தேசூர் வீடுகளில் பூனைக்குத் தனி மரியாதை. எலி பட்டுப் பாவைக் கடித்தால் நஷ்டம் கொஞ்சமா? ஆகவே பூனை சுருண்டு படுத்தால் வீட்டார் பதைத்து, பாலில் பாராஸிடமால் கரைத்துப் புகட்டிவிடுகின்றனர். ‘எங்களுக்கு ஒத்துக்கொள்கிறதே, வாத்தியாரையா!’ என்று நம்மிடம் கேட்கின்றனர்.

மனிதனின் ஈரல் அம்மருந்தின் நஞ்சை முறித்து வெளியேற்றும். பூனையின் ஈரலுக்கு அத்திறன் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதன் உயிரை வாங்கப் போதும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கிறது; ஈறுகள் பழுப்பேறுகின்றன, முகம் வீங்குகிறது.

ஒரு ஜீவனின் மருந்து மற்றொன்றுக்கு விஷமாவது புதிதன்று. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக், அதன் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை மாய்த்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைக் கொடுக்கலாகாதென்று சர்க்கார் தடுத்தனர்.

தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை வைத்தியரிடம் ஓட வேண்டும். அஸிடைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு. மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்க.