காக்க வந்த படையே தாக்கினால்...?

ஆடித்தபசு நெருங்கிவிட்டால் எங்கள் சங்கரன்கோவிலில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். கூடத்தில் ஒருவர் இருமினால் போதும், பேச்சு கொரோனாவுக்குத் தாவிவிடும். அப்படித்தான் எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார்கள்:

"ஏன் தங்கச்சி, எங்க பெரியப்பாவுக்கு 2021-ல கொரோனா வந்தப்ப முதல் அஞ்சு நாள் வெறும் காய்ச்சல்தான். அதுவும் குறைஞ்சுது. எட்டாம் நாள்ல இல்ல மூச்சு முட்டிச்சு! கிருமி அடங்குற நேரத்துல நோய் எப்படி முத்தும்?"

நியாயமான கேள்விதானே! இதற்கு நான் படித்துத் தெரிந்துகொண்ட பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

நடுராத்திரி ஒரு வீட்டில் திருடன் நுழைகிறான் என்று வையுங்கள். நுழைந்தவுடனே சத்தம் போட்டால் நாலு பேர் வந்து பிடித்துவிடுவார்கள். அவன் வீடெல்லாம் சுற்றிய பிறகு சத்தம் போட்டால்? தெருவே கம்போடு திரண்டு வரும். திருடன் ஓடியே போயிருப்பான். கதவும் பானை சட்டியும் நொறுங்குவது வந்தவர்கள் கையால்தான்!

நம் உடம்பிலும் இதே கதைதான். கிருமி புகுந்த செல் 'இன்டர்ஃபெரான்' என்ற பொருளைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். கொரோனா கிருமி பொல்லாதது. அந்தச் சத்தத்தையே அமுக்கப் பார்க்கும். வயதானவர்கள் உடம்பில் எச்சரிக்கை இயல்பாகவே மெதுவாகத்தான் கிளம்பும். அதற்குள் கிருமி பெருகி நுரையீரலுக்கு இறங்கிவிடுகிறது.

பிறகுதான் வெள்ளணுப் படை விழித்துக்கொள்கிறது. 'சைட்டோகைன்' என்ற செய்திப் பொருள்கள் அளவுக்கு மீறிச் சுரக்க, படை மேலும் மேலும் திரளுகிறது. நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான காற்றுப் பைகளின் சுவர் வெங்காயச் சருகைவிட மெல்லியது. அமளியில் அது புண்ணாகிறது, ரத்தக் குழாய் கசிந்து பைக்குள் நீர் கோக்கிறது, நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறைகிறது. மூச்சை இழுத்தாலும் பிராணவாயு ரத்தத்தில் சேராது. பெரும்பாலும் இது இரண்டாவது வாரத்தில்தான் நேர்கிறது. பெரியப்பாவுக்கு எட்டாம் நாள் மூச்சு முட்டியதன் காரணம் புரிகிறதா?

இது வெறும் ஊகமில்லை. 2020 ஜூனில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய 'ரெக்கவரி' ஆய்வின் முடிவு வந்தது. டெக்ஸாமெதஸோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்து கிருமியைக் கொல்லாது, படையை அடக்கும், அவ்வளவுதான். ஆனால் வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே அது சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் மட்டும் வைக்கப்பட்டவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு. அதே மாதம் நம் நாட்டின் சிகிச்சை முறையிலும் அது சேர்ந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள் சகோதரிகளே! ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பலனே இல்லை. முதல் வாரத்தில் கிருமியோடு போராட அந்தப் படை வேண்டும். அப்போதே அதன் கையைக் கட்டிவிட்டால்? 2021 இரண்டாம் அலையில் பலர் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாங்களாகவே வாங்கி விழுங்கினார்கள். ஸ்டீராய்டு ரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றிவிடும். அந்த மே மாதம் 'கருப்புப் பூஞ்சை' பரவி, தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது நினைவிருக்கிறதா? சர்க்கரை கட்டுப்படாதவர்களையும் ஸ்டீராய்டு அதிகம் சேர்ந்தவர்களையும்தான் அது பெரும்பாலும் பிடித்தது.

இன்று பெரும்பாலோருக்குக் கொரோனா சளி காய்ச்சலோடு போய்விடுகிறது. தடுப்பூசியும் முன்பு வந்துபோன நோயும் நம் படைக்குத் திருடனின் அடையாளத்தைக் கற்றுக் கொடுத்திருப்பதே முக்கிய காரணம். ஆனாலும் முதியவர்களும் நோயாளிகளும் உள்ள வீட்டில் சில விஷயங்கள் மனதில் இருக்கட்டும்:

* காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து கூடுதல் கவனம் தேவை.

* விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முகம் தெளிவாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்.

* போன தடவை எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்காதீர்கள்.

* குழந்தைக்குக் கொரோனா வந்துபோய் 2 முதல் 6 வாரத்துக்குள் விடாத காய்ச்சலோடு வயிற்றுவலி, தடிப்பு, கண் சிவப்பு தெரிந்தால் டாக்டரிடம் பழைய கொரோனாவையும் சொல்லுங்கள். அபூர்வம்தான், ஆனால் அதுவும் இந்தப் படையின் அமளியே.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று எத்தனையோ டானிக் விளம்பரங்கள் வருகின்றன. கூட்டுவதில் மட்டும் இல்லை நன்மை. வேளைக்கு எழுந்து, வேலை முடிந்ததும் அடங்குகிற சக்திதான் நமக்கு வேண்டியது!