வாவிக்கரையில் ஒரு வீடு

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பது தமிழர் வாழும் இடமெங்கும் வழங்கும் பழமொழி. மட்டக்களப்பு நாட்டிலோ இவை இரு வேறு காரியங்கள் அல்ல, ஒன்றேயாம். அங்கே பெண்ணுக்கு மணம் பேசும்பொழுதே வீடும் பேசப்படுகிறது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதே நெடுங்கால வழக்கம். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஒரு மூலையிலோ அடுத்த வளவிலோ இளையவளுக்கென்று இன்னொரு வீட்டைப் பெற்றோர் எழுப்பத் தொடங்குவர்.

இன்று எல்லாருக்கும் வீடு கட்டும் அவகாசம் இல்லை. ஆசிரியரும் எழுதுவினைஞரும் வங்கி ஊழியரும் கல்லடியிலோ, நாவற்குடாவிலோ, கோட்டைமுனையிலோ சந்தடியற்ற ஒரு வீதியைத் தேடி, கட்டி முடித்த புதுமுறை வீட்டை விலைக்கு வாங்க விரும்புகின்றனர். குளிர்ந்த தரையும் வீட்டோடு சேர்ந்த குளியலறையும் முதற்பார்வையில் மனத்தைக் கவர்கின்றன. ஆயினும் கேட்கவேண்டிய முதற்கேள்வி வீட்டைப் பற்றியதன்று. அது யாருடையது என்பதே.

இக்கேள்விக்கு இப்பகுதியில் தனிச் சிறப்பு உண்டு. முன்னாளில் முக்குவர் வழமை என்னும் சட்டம் இங்கு நிலவியது. அதன்படி முதுசச் சொத்து பெண்வழியாகவே இறங்கிச் சென்றது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அவ்வழமை சட்டமாக நிற்பது ஒழிந்தது. சட்டம் போயிற்று, வழக்கம் போகவில்லை. இன்றும் பல வீடுகளின் உறுதியில் மனைவியின் பெயரே இருக்கும். ஆகவே, விலை பேசுபவர் கணவராக இருந்தாலும், கையொப்பமிட உரியவர் உறுதியில் பெயருள்ளவரே.

யாழ்ப்பாணத் தேசவழமைக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டும். பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மட்டக்களப்புப் பெண்ணுக்கு, 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனச் சட்டப்படி, அச்சம்மதம் தேவையில்லை. விற்பவர் எச்சட்டத்துக்கு உட்பட்டவர் என்பதை நொத்தாரிசு விசாரித்து அறிவதன் காரணம் இதுவே.

அடுத்து, அந்த வீட்டின் பின்னறையில் ஒரு மூதாட்டி இருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். பெற்றோர் மகளுக்கு வீட்டை நன்கொடையாக எழுதும்பொழுது, தாம் உயிரோடு இருக்குங்காறும் அங்கு வாழும் சீவிய உரித்தைத் தமக்கென வைத்துக்கொள்வது உண்டு. அப்படியாயின் மகள் மட்டும் விற்றால், வாங்கியவர் கையில் உறுதி இருக்கும், வீடு இராது. தாயும் அந்த உறுதியில் சேர்ந்து தம் உரித்தை விடவேண்டும். சீவிய உரித்தை வைக்காமலே எல்லாவற்றையும் மகளுக்கு எழுதிவிட்ட தாயும் உண்டு. அவளை எவரும் கேட்கவேண்டும் என்று சட்டம் சொல்லாது. ஆயினும் வாங்குவோர், 'அம்மா, நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்பது நன்று. அக்கேள்விக்கு விற்போரிடம் நேரான விடை இல்லையெனில், அந்தக் கொள்வனவில் பின்னர் வழக்கும் வரலாம், மனக்குறையும் வரலாம்.

இலங்கையில் காணி விற்பனை வாய்ச்சொல்லால் நிறைவேறாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி அது எழுத்தில் இருத்தல் வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்படல் வேண்டும். அதன்பின் காணிப் பதிவகத்தில் பதிவு. ஒரே காணியை இருவருக்கு விற்ற மோசக்காரன் இருந்தால், 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டப்படி, சூதின்றி விலைகொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்கே பொதுவாக முன்னுரிமை கிடைக்கும். ஆதலால் பதிவைத் தாமதிப்பது ஆபத்து. பதிவேட்டை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடி, ஈடு, வழக்கு, பழைய பங்குரிமை எதுவும் இல்லையென உறுதிப்படுத்துவது நொத்தாரிசுமாரின் வழக்கம்.

போர்க்கால இடப்பெயர்வால் பல குடும்பங்கள் உறுதிகளை இழந்தன. ஆளில்லாத வளவில் வேறொருவர் குடியிருந்தார். பத்தாண்டு இடையறாத ஆட்சியால் உரிமை கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். ஆயினும் போரால் தம் காணிக்குத் திரும்பமுடியாதோரைக் காக்க 2016 ஆம் ஆண்டில் 5 ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே, 'இருபது வருடம் இங்கேதான் இருக்கிறோம்' என்ற பேச்சை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தல் தகாது. அவ்வாறே, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை, பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவும் வாங்கவும் இயலாது. மலிவான விலையின் மறைபொருள் பலவேளை இதுவாகவே இருக்கும்.

உரிமை தெளிந்தபின் நிலத்தைப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் 160 பேர்ச்; ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச் வளவில் வீடும் கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. கல்லடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றிடல். மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரினும் இலேசானது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இயந்திரத்தால் அளவின்றி இறைத்து மேல்மட்டத்தைத் தாழ்த்தினால், அதே கணக்கில் உப்பு மேலெழும். அதே மணல் அயல்வீட்டுக் குழியின் அழுக்கையும் எளிதில் கடத்தும். எனவே கிணற்று நீரை ஒருமுறை சுவைத்துப் பார்ப்பது போதாது. கடும் வெயிற்காலத்தில் அது எவ்வாறிருக்கும் என்று அயலாரிடம் கேட்பதும், நீரைச் சோதிப்பிப்பதும் வேண்டும்.

வாவியின் அழகும் வாங்குவோரை ஏமாற்றக்கூடும். ஆனி, ஆடியில் படிக்கட்டுக்கு அப்பால் அமைதியாகக் கிடக்கும் நீர், வடகீழ்ப் பருவமழையில் முகத்துவாரம் அடைபட்டிருக்குமாயின் வளவுக்குள் ஏறிவரும். 2011 ஆம் ஆண்டு சனவரி வெள்ளத்தில் தாழ்ந்த குடியிருப்புகள் பல நீரில் நின்றன. கடற்பக்கத்தின் ஆபத்து வேறு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் பாழாக்கியது. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி ஓடுகளையும் தகரங்களையும் சருகுபோல் பறக்கவிட்டது. புதிய வீட்டில் கூரைமரம் சுவரோடு இரும்பால் இறுகப் பிணைக்கப்பட்டுள்ளதா, தரை வீதியினும் உயர்ந்ததா, மாநகர சபை அங்கீகரித்த வரைபடத்துக்கு அமையக் கட்டப்பட்டதா என்பவை வண்ணப்பூச்சிலும் முக்கியமானவை.

அமைதியான அயல் என்பதும் ஆராய்ந்து அறியவேண்டிய பொருளே. ஒரு மாலையில் வந்து பார்த்து முடிவு செய்தல் கூடாது. காலையில் பாடசாலை நேரத்தில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, மழையில் ஒருமுறை வருதல் வேண்டும். 1924 ஆம் ஆண்டின் ஒற்றைவழிக் கல்லடிப் பாலத்தருகே 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டபின், தொலைவாயிருந்த வளவுகள் நகருக்கு அண்மையாயின. விலையும் ஏறியது, வாகன ஒலியும் ஏறியது. எல்லாவற்றினும் மேலான சோதனை அயலாரே. வெள்ளம் ஏறியபொழுது படகோடு வந்தவர் யார், சூறாவளியில் கதவு திறந்தவர் யார் என்று அவர்கள் சொல்வது எந்த உறுதியிலும் எழுதப்படாதது.

இப்படி வாங்கிய வீடும் ஒருநாள் ஒரு மகளுக்குக் கொடுக்கப்படும். அன்று சீதனப் பேச்சில் எத்தனை அறை என்று எண்ணுவோர் இருப்பர். வில்லங்கமற்ற உறுதியும், உப்பேறாத கிணறும், பெற்றவர் முதுமையில் தலைசாய்க்க ஓர் அறையும் சேர்ந்திருந்தால், அந்த வீடு கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் நிழலாகும்.