சங்கரன்கோவிலில் புழுதி, பார்மரில் மழை

ஆடித்தபசு பார்க்கச் சங்கரன்கோவிலுக்கு வருகிற கூட்டத்தில் குடையோடு வருபவர்கள் அபூர்வம். தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதம்தான் அது. மேற்கே வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கம் மலையின் உச்சி தெரியாமல் மேகம் அப்பிக் கிடக்கும். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும். சங்கரன்கோவிலிலோ மேகாத்து கரிசல் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். இதே பருவக்காற்றுதான் சுமார் 1,900 கி.மீ. வடக்கே, ராஜஸ்தானின் பார்மர் பாலைநிலத்தை நனைக்கிறது. ஆண்டு மழை 300 மி.மீ. கூடத் தேறாத அந்த ஊருக்கு, பெய்கிற கொஞ்சத்தில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் வந்துவிடுகிறது. மலையடிவாரத்துக்காரருக்கு இல்லாத மழை பாலைவனத்துக்காரருக்கு எப்படி வாய்த்தது?

காற்று புறப்படும் இடம் மடகாஸ்கருக்குக் கிழக்கே, தென் இந்தியப் பெருங்கடலில் உள்ள உயர் அழுத்தப் பகுதி. கென்யா, சோமாலியா கரையோரமாக நிலநடுக்கோட்டைக் கடந்து, பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, அரபிக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு இந்தியாவுக்கு வருகிறது. தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் அது ஆறுபோல ஓடுவதை 1969-இல் ஜான் ஃபிண்ட்லேட்டர் விவரித்தார்.

அந்தக் காற்று கேரளப் பக்கத்தில் மலையேறும்போது குளிர்ந்து மழையாகிறது. மேகத்துக்குள் ஏறும் காற்று 1,000 மீட்டருக்கு ஐந்தாறு டிகிரிதான் குளிரும்; நீராவி நீராகும்போது வெளிவரும் வெப்பம் அதைத் தாங்கிப் பிடிக்கும். ஈரத்தை இழந்து இந்தப் பக்கம் இறங்கும்போதோ அதே 1,000 மீட்டருக்குப் பத்து டிகிரி அளவுக்குச் சூடேறும். ஏறியபோது இருந்ததைவிடச் சூடாகவும் உலர்ந்தும் அடிவாரத்துக்கு வந்து சேர்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வருவதால் வேகத்துக்கு மட்டும் குறைவில்லை. சுரண்டை, தேவர்குளம் வட்டாரக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. ஈரம் எவ்வளவு இருந்தாலும் காற்று மேலே ஏறினால்தான் மழை. சங்கரன்கோவிலுக்கு வருவது இறங்கும் காற்று. அதனால் ஊர் ஐப்பசி, கார்த்திகைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

தார் பாலைவனத்திலும் ஈரம் இல்லாமல் இல்லை. கோடையில் கொதிக்கும் அந்த மணல்வெளியின் மேல் அழுத்தம் குறைந்து, கடல்காற்றை உள்ளே இழுக்கிறது. ஆனால் அந்தத் தாழ்வழுத்தம் மேலோட்டமானது. ஒன்றிரண்டு கி.மீ. உயரத்துக்கு மேல் இறங்குமுகமான வறண்ட காற்று, கொப்பரையை மூடியதுபோல் உட்கார்ந்துகொள்கிறது. அந்த இறக்கத்துக்கும் பருவமழையே ஒரு காரணம் என்று 1996-இல் ரோட்வெல், ஹாஸ்கின்ஸ் ஆகியோர் காட்டினார்கள்: ஆசியப் பருவமழை வெளியிடும் வெப்பம் வளிமண்டலத்தைக் குலுக்கி, மேற்கே சகாரா வரையிலும் காற்றைக் கீழே தள்ளுகிறது. ஒரு பக்கம் கொட்டும் மழையே இன்னொரு பக்கம் வறட்சிக்குக் கைகொடுக்கிறது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான்.

மூடியைத் திறக்கும் ஆள் கிழக்கிலிருந்து வருகிறார். தார் முதல் வங்கக் கடலின் வடமுனை வரை பருவமழைக் காலத்தில் ஒரு தாழ்வழுத்தப் பள்ளம் நீண்டு கிடக்கும். வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒடிசாவில் கரையேறி, அதன் வழியே மேற்கு வடமேற்காக நகரும். பெரும்பாலானவை மத்தியப் பிரதேசத்திலேயே களைத்துப்போகும். தப்பித்து ராஜஸ்தான் வரை வருவது, பல கி.மீ. தடிமனான ஈரக்காற்றைக் கூட்டி வந்து மேலே ஏற்றிவிடும். ஆகவே பார்மரின் மழையை அறிய அரபிக் கடலை மட்டும் பார்த்தால் போதாது. ஒடிசாக் கரையையும் பார்க்க வேண்டும்.

வங்கக் கடலில் அடுத்தடுத்துத் தாழ்வுகள் உருவான மாதம் 2006 ஆகஸ்ட். பார்மரில் ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிக மழை சில நாட்களிலேயே கொட்டியது. மணல்தானே, குடித்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கவாஸ் கிராமத்தில் மணலுக்கடியில் ஜிப்சம் படுகை இருந்தது. நீர் இறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் ஏரியாகத் தேங்கி நின்றது. பாலைவனத்துக்கு நீரை இறைத்து வெளியேற்றப் பம்புகளும் படகுகளும் போயின.